தென்னையில் வெள்ளை ஈ, கீழே கறுப்புப் பிசுக்கு: மாதாமாதம் மருந்து அடிக்கும் காண்ட்ராக்ட் தேவையா?

சாய்வுநாற்காலி | மார்ச் 4, காலை 9.10

வணக்கம். கோவையில் சரவணம்பட்டி பக்கம் ஒரு அடுக்ககத்தில் குடியிருக்கிறோம். சங்கத்தில் தோட்டப் பொறுப்பை இந்த வருடம் என் தலையில் கட்டிவிட்டார்கள். காம்பவுண்டு ஓரமாக 38 தென்னை, நடுவில் கொஞ்சம் புல்தரை, செம்பருத்தி, நந்தியாவட்டை, நாலைந்து பிளூமேரியா. இவ்வளவுதான் தோட்டம்.

பிரச்சினை தென்னையில். ஜனவரி கடைசியிலிருந்து ஓலையின் அடிப்பக்கம் சுண்ணாம்பு அடித்ததுபோல வெள்ளையாக இருக்கிறது. கீழ் ஓலைகளின் மேல்பக்கம் கரி படிந்து கறுத்துவிட்டது. மரத்தடியில் நிற்கும் கார்களின் கண்ணாடியெல்லாம் பிசுபிசுப்பு. வைப்பர் போட்டால் தேய்த்து இன்னும் மோசமாக்குகிறது.

இப்போதைய பராமரிப்பு ஆள் ஒரு கொட்டேஷன் கொடுத்திருக்கிறார். மாதம் இரண்டு முறை தோட்டம் முழுக்க இமிடாகுளோபிரிட் என்ற பூச்சிமருந்து, கூடவே ஏதோ டானிக். தென்னைக்கு வேரில் மருந்து கட்டுவதற்குத் தனி ரேட். ஞாயிற்றுக்கிழமை கமிட்டி கூடுகிறது. ஒரு கட்சி உடனே அடி என்கிறது, இன்னொரு கட்சி மரத்தையே வெட்டு என்கிறது. இரண்டும் இல்லாமல் வேறு வழி இருக்கிறதா என்று கேட்கத்தான் வந்தேன்.

இரண்டு விஷயம் கவனத்தில் வைத்துச் சொல்லுங்கள். மழைநீர் சேகரிப்புக் குழிகள் எல்லாம் எங்கள் கிணற்றை ஒட்டித்தான் இருக்கின்றன. அப்புறம், இந்த மரங்களிலிருந்துதான் எல்லோரும் இளநீர் பறித்துக் குடிக்கிறார்கள்.

---

கணக்குப்பிள்ளை | மார்ச் 4, காலை 9.48

இதற்கு எதற்கு விவாதம்? என் சித்தப்பா தோப்பில் வேரில் மோனோகுரோட்டோபாஸ் என்ற பூச்சிமருந்தைக் கட்டுவார். ஒரு தடவை கட்டினால் போதும், ஆறு மாதத்துக்குத் தொல்லை இல்லை. கமிட்டியில் பேசிப் பேசியே அடுத்த வெயில்காலம் வந்துவிடும்.

---

பொள்ளாச்சி_தோப்பு | மார்ச் 4, காலை 10.30

சாய்வுநாற்காலி அண்ணா, நீங்கள் சொல்வது ரூகோஸ் சுருள் வெள்ளை ஈ மாதிரிதான் தெரியுதுங்க. இந்தியாவில் இதை முதலில் கண்டுபிடித்ததே எங்கள் பொள்ளாச்சிப் பக்கம்தான், 2016இல். பிறகு பாலக்காடு, ஆந்திரா, கர்நாடகா என்று தென்னை இருக்கிற இடமெல்லாம் போய்விட்டது.

அன்றைக்கு இங்கே பார்த்ததைச் சொல்கிறேன். டிராக்டரில் பவர் ஸ்பிரேயர் கட்டி ஊர் முழுக்க அடித்தார்கள். அடித்த வாரம் குறைந்த மாதிரி இருக்கும். அடுத்த மாதம் பார்த்தால் பழையபடி, சில தோப்புகளில் முன்னைவிட அதிகம். பக்கத்திலேயே பணம் இல்லாமலோ சோம்பலிலோ மருந்து அடிக்காமல் விட்டவர்கள் தோப்பு மெதுவாகத் தெளிந்தது. ஏன் என்று அப்புறம்தான் பல்கலைக்கழக ஆட்கள் வந்து ஓலையைப் பிரித்துக் காட்டினார்கள். அதை இங்கே இருக்கும் படித்தவர்கள் சொன்னால் சரியாக இருக்கும்.

மரத்தை வெட்டுகிற பேச்சை மட்டும் நிறுத்தச் சொல்லுங்கள். இந்த ஈயால் மகசூல் குறையும், மரம் சாகாதுங்க.

---

இலைப்பேன் | மார்ச் 4, மதியம் 1.05

வேளாண் பூச்சியியல் படித்தவன், தற்போது தோட்ட ஆலோசனை வேலை. கமிட்டிக்கு முன் ஒரே ஒரு வேலை செய்யுங்கள். தாழ்வாக இருக்கும் ஓலையிலிருந்து நாலு கீற்றை வெட்டி, அடிப்பக்கத்தை ஃபோன் கேமராவில் ஜூம் செய்து படம் எடுங்கள். பத்து ரூபாய் பூதக்கண்ணாடி கிடைத்தால் இன்னும் நல்லது.

என்ன பார்க்க வேண்டும்? வெள்ளை மெழுகு சுருள் சுருளாக, கைரேகை மாதிரி வட்டம் போட்டிருக்கும். அதில்தான் முட்டை. அந்த மெழுகை மெல்ல ஊதினால் கீழே தட்டையாக, முட்டை வடிவத்தில், ஓடு மாதிரி ஒட்டிக்கொண்டிருப்பவை இளம்பூச்சிகளும் கூட்டுப்புழுக்களும். இவை உயிரோடு இருந்தால் வெளிர் மஞ்சள். சில மட்டும் கறுத்திருந்தால் அதுதான் முக்கியம். ஒருவகை நுண்குளவி, என்கார்சியா குவாடெலூப்பே என்று பெயர், உங்கள் கண்ணுக்குப் புள்ளி அளவுகூடத் தெரியாது, வெள்ளை ஈயின் குஞ்சுக்குள் முட்டை வைத்துவிடும். அந்தக் குஞ்சு கறுத்துப் போகும்.

காலியான கூடுகளில் ஓட்டையைப் பாருங்கள். வெள்ளை ஈ வெளியே வந்திருந்தால் ஓடு ஆங்கில எழுத்து 'டி' வடிவத்தில் கிழிந்திருக்கும். குளவி வந்திருந்தால் ஊசியால் குத்தினாற்போல வட்டமான துளை. இந்த இரண்டில் எது அதிகம் என்பதை எண்ணிப் பார்த்தாலே மருந்து வேண்டுமா வேண்டாமா என்பதில் பாதி முடிவாகிவிடும்.

கறுப்புப் பிசுக்கைப் பற்றிப் பயப்பட வேண்டாம். வெள்ளை ஈ சாற்றை உறிஞ்சி, மிச்சத்தைத் தேன்துளியாகச் சொட்டுகிறது. அதன் மேல் வளர்வது கரும்பூஞ்சாணம். அது இலைக்குள் நுழைவதில்லை, மேலே படிந்து வெயிலை மறைக்கிறது, அவ்வளவுதான். இதைப் பார்த்துவிட்டுப் பூஞ்சாணக்கொல்லி அடிக்கிறார்கள், வீண் செலவு. மைதா மாவை லிட்டருக்கு 25 கிராம் வீதம் கரைத்துத் தெளித்தால், காய்ந்ததும் பூஞ்சாணம் தாளாக உரிந்து விழும். நல்ல மழை ஒன்று வந்தால் அதுவும் தேவையில்லை.

---

மொட்டைமாடி_மல்லிகை | மார்ச் 4, மதியம் 2.20

மைதா விஷயம் உண்மைதான். எங்கள் வீட்டுக் கொய்யாவுக்கு அடித்தேன், காய்ந்து தானாக உதிர்ந்தது. கட்டியில்லாமல் காய்ச்சி, துணியில் வடிகட்டி ஊற்றுங்கள், இல்லாவிட்டால் ஸ்பிரேயர் மூக்கு அடைத்துக்கொள்ளும். மேகமூட்டமான நாளில் அடிக்காதீர்கள். வெயில் வேண்டும்.

---

சாய்வுநாற்காலி | மார்ச் 4, மாலை 6.35

இலைப்பேன் சார், செய்துவிட்டேன். கிழக்குப் பக்க மரங்களில் கறுத்தவை நிறைய இருக்கின்றன, வட்டத் துளையும் இருக்கிறது. மேற்கே, கார் நிறுத்துமிடத்துப் பக்கம், கறுப்பு ஒன்றுகூட இல்லை. எல்லாம் மஞ்சள். ஒரே வளாகத்தில் ஏன் இந்த வித்தியாசம்?

---

இலைப்பேன் | மார்ச் 4, இரவு 7.50

மேற்குப் பக்கம்தானே கொசுப்புகை வண்டி நிற்கிறது? சாக்கடை, குப்பைத் தொட்டி அந்தப் பக்கமா? அங்கே என்ன அடிக்கிறார்கள், எத்தனை நாளைக்கு ஒருமுறை என்று விசாரியுங்கள்.

---

சாய்வுநாற்காலி | மார்ச் 4, இரவு 8.15

ஆமாம், எஸ்டிபியும் (கழிவுநீர் சுத்திகரிப்பு நிலையம்) குப்பைக்கூடமும் அங்கேதான். வாராவாரம் புகை. என்ன மருந்து என்று செக்யூரிட்டிக்குத் தெரியவில்லை.

---

இலைப்பேன் | மார்ச் 4, இரவு 8.40

அப்படியானால் அது காரணமாக இருக்க நல்ல வாய்ப்பு இருக்கிறது. கொசுவுக்காக அடிக்கும் பைரித்திராய்டு வகை மருந்துக்குக் கொசு எது, குளவி எது என்று தெரியாது. வெள்ளை ஈக்காவது மெழுகு போர்வை இருக்கிறது, குளவிக்கு ஒன்றும் கிடையாது. மருந்து அடித்த தோப்பில் மறுபடி அதிகமானதாகப் பொள்ளாச்சி அண்ணன் சொன்னாரே, அங்கேயும் நடந்தது இதுதான். எதிரி செத்துவிட்டது, பூச்சி பிழைத்துக்கொண்டது.

இமிடாகுளோபிரிட் பற்றி. அது ஊடுருவும் மருந்து. செடிக்குள் ஏறி, பூவின் மகரந்தத்துக்கும் தேனுக்கும் போகும். தேனீக்களுக்கு ஆகாது என்பதால் ஐரோப்பிய ஒன்றியம் 2018இல் திறந்தவெளிப் பயன்பாட்டுக்குத் தடை போட்டது. காய்க்கும் தென்னை கிட்டத்தட்ட மாதம் ஒரு பாளை விடும். அதாவது வருடம் முழுக்க அதில் பூ இருக்கும், தேனீ இருக்கும். பூக்காத நேரம் பார்த்து அடிக்கலாம் என்ற பேச்சே தென்னைக்குப் பொருந்தாது.

---

கணக்குப்பிள்ளை | மார்ச் 5, காலை 8.05

தேனீ, குளவி எல்லாம் சரி. கார் துடைக்கிற காசை யார் கொடுப்பது? நான் கேட்டது மோனோகுரோட்டோபாஸ். அதை அடிக்கவே வேண்டியதில்லை, வேரில் பாலிதீன் பையில் கட்டுவது. காற்றில் பரவாது, குளவிக்கும் ஒன்றும் ஆகாது. அதில் என்ன தப்பு?

---

பொள்ளாச்சி_தோப்பு | மார்ச் 5, காலை 8.50

கணக்குப்பிள்ளை சார், வேரில் கட்டுவது தோப்புக்காரன் வேலைங்க. கட்டுவதற்கு முன் காயெல்லாம் இறக்கிவிட வேண்டும், கட்டிய பிறகு 45 நாள் கை வைக்கக் கூடாது. தோப்பில் பூட்டுப் போட்டு வைக்கலாம். உங்கள் அடுக்ககத்தில் பசங்க சாயங்காலம் இளநீர் தள்ளிக் குடிக்கிறாங்க. 38 மரத்துக்கும் 45 நாள் யார் காவல் நிற்பது?

---

இலைப்பேன் | மார்ச் 5, காலை 9.30

அதோடு, டப்பாவில் இருக்கும் முக்கோணத்தைப் பாருங்கள். இந்தியாவில் பூச்சிக்கொல்லி லேபிளில் நாலு நிறம்: சிவப்பு, மஞ்சள், நீலம், பச்சை. சிவப்பு என்றால் உடல் எடையில் கிலோவுக்கு 50 மில்லிகிராம் வரை உள்ளே போனாலே பாதிக்குப் பாதி சோதனை விலங்குகள் சாகும் என்ற வகை. மோனோகுரோட்டோபாஸ் அந்தச் சிவப்பு. இமிடாகுளோபிரிட், சைபர்மெத்ரின் மஞ்சள். காய்கறிக்கு மோனோகுரோட்டோபாஸ் 2005லேயே தடை.

மிச்ச மருந்து எங்கே இருக்கும் என்று யோசியுங்கள். பம்ப் ரூமில், ஃபினாயில் கேனுக்குப் பக்கத்தில். 2013 ஜூலையில் பீகார் சரண் மாவட்டத்தில் பள்ளி மதிய உணவு சாப்பிட்டு 23 குழந்தைகள் இறந்தார்களே, உணவில் கலந்திருந்தது இதே மருந்துதான். குடியிருப்பு வளாகத்துக்குள் சிவப்பு முக்கோணம் வரவே கூடாது என்பது என் கட்சி. இதில் பேரத்துக்கு இடமில்லை.

---

வாகைநிழல் | மார்ச் 5, காலை 11.15

நான் இப்படிக் காண்ட்ராக்ட் எடுக்கும் ஆள். எங்கள் பக்கத்தையும் கொஞ்சம் கேளுங்கள்.

மருந்து அடிப்பது எங்களுக்கு ஆசையா? சங்கங்கள் கொட்டேஷன் கேட்கும்போதே 'மாதம் எத்தனை ஸ்பிரே' என்றுதான் கேட்கிறார்கள். ஸ்பிரே ஒன்றுக்கு இவ்வளவு என்று பில். ஒரு மாதம் நான் வந்து பார்த்துவிட்டு, பூச்சி இல்லை, அடிக்கவில்லை என்று சொன்னால் பணம் பிடித்துக்கொள்வார்கள். ஒரு செம்பருத்தியில் நாலு மாவுப்பூச்சியைப் பார்த்தால் வாட்ஸ்அப் குழுவில் படம் போட்டு, தோட்டக்காரன் தூங்குகிறானா என்பார்கள். அதனால் எல்லோரும் அடித்துக்கொண்டே இருக்கிறோம். பூச்சி இருக்கிறதா என்பது இரண்டாம்பட்சம்.

அடிப்பவன் யார் என்றும் பாருங்கள். முதுகில் டேங்க், காலில் செருப்பு, முகத்தில் கைக்குட்டை. காற்று திரும்பினால் முதல் டோஸ் அவனுக்குத்தான்.

---

சாய்வுநாற்காலி | மார்ச் 5, மதியம் 12.10

வாகைநிழல், இதை எங்கள் கமிட்டியில் வாசித்துக் காட்டப் போகிறேன். ஸ்பிரேக்கு இல்லாமல் பார்வையிடுவதற்குச் சம்பளம் என்று மாற்றினால் உங்களுக்குக் கட்டுப்படியாகுமா?

---

வாகைநிழல் | மார்ச் 5, மதியம் 12.40

தாராளமாக. மருந்துச் செலவு மிச்சம், ஆள் கூலி மட்டும்தான். ஆனால் பூச்சியைக் கண்டதும் கத்தக் கூடாது, அது உங்கள் பொறுப்பு.

---

மொட்டைமாடி_மல்லிகை | மார்ச் 5, மதியம் 3.00

ரசாயனமே வேண்டாம், வேப்பெண்ணெய், புகையிலைக் கரைசல் என்று மாற்றிவிட்டால் வேலை முடிந்ததே? இயற்கை மருந்தால் யாருக்கும் கெடுதல் இல்லை.

---

இலைப்பேன் | மார்ச் 5, மாலை 4.10

மல்லிகை அம்மா, இங்கேதான் கொஞ்சம் மாறுபடுகிறேன். புகையிலைக் கரைசலில் இருப்பது நிகோட்டின். அது கடும் விஷம், தோல் வழியாகவே ஏறும். பல கடை மருந்துகளைவிட மோசம். செடியிலிருந்து வந்தது என்பது பாதுகாப்புக்குச் சான்றிதழ் இல்லை.

வேப்பெண்ணெய் நல்லதுதான், அதற்கும் முறை இருக்கிறது. லிட்டருக்கு 5 மில்லி. முதலில் எண்ணெயைக் காதி சோப்புக் கரைசலோடு அடித்துப் பால் மாதிரி ஆக்கிவிட்டு அப்புறம் தண்ணீர் சேர்க்க வேண்டும், இல்லையென்றால் எண்ணெய் மேலே மிதந்து கடைசிச் செடிக்கு மொத்தமாகப் போய் இலை கருகும். சாயங்காலம்தான் அடிக்க வேண்டும். பாத்திரம் தேய்க்கும் திரவம் வேண்டாம், அதுவும் இலையைச் சுடும். முக்கியமாக, குளவி வேலை செய்கிற கிழக்குப் பக்க மரங்களுக்கு வேப்பெண்ணெயும் வேண்டாம். சும்மா விடுங்கள்.

---

மொட்டைமாடி_மல்லிகை | மார்ச் 5, மாலை 4.25

புகையிலை பற்றித் தெரியாது. எங்கள் பாட்டி காலத்திலிருந்து ஊறவைத்து ஊற்றுவோம். நிறுத்திவிடுகிறேன்.

---

புங்கமரத்தடி | மார்ச் 5, இரவு 9.00

இடையில் ஒரு கேள்வி. எங்கள் அப்பார்ட்மென்டிலும் நந்தியாவட்டை வேலி. விரல் தடிமனில் பச்சைப் புழு, தலைக்குப் பின்னால் நீலக் கண் மாதிரி இரண்டு புள்ளி. தொட்டால் அந்தக் கண்ணை உப்பிக் காட்டுகிறது. பிள்ளைகள் அலறுகிறார்கள். இதற்கு என்ன அடிப்பது?

---

இலைப்பேன் | மார்ச் 5, இரவு 9.20

ஒன்றும் அடிக்காதீர்கள். அது அரளி அந்துப்பூச்சியின் புழு. அது கண் இல்லை, பறவையைப் பயமுறுத்தப் போட்ட வேஷம். கடிக்காது, அரிக்காது. நந்தியாவட்டையை மொட்டையடித்தாலும் ஒரு மாதத்தில் துளிர்த்துவிடும். ஒரு புழுவை இலையோடு ஒரு டப்பாவில், அடியில் கொஞ்சம் மண் போட்டு வையுங்கள். வெளியே வரும் அந்துப்பூச்சி பச்சையும் ரோஸும் கலந்து அவ்வளவு அழகாக இருக்கும். அலறிய பிள்ளைகளே வந்து உட்கார்ந்து பார்ப்பார்கள்.

தோட்டத்துக்கு வரும் பூச்சியில் பாதிக்கு மேல் இந்த வகைதான். பார்த்தால் சங்கடம், செடிக்கு ஆபத்து இல்லை.

---

சாய்வுநாற்காலி | மார்ச் 6, காலை 7.45

அப்படியே மற்ற செடிகளையும் கேட்டுவிடுகிறேன். பிளூமேரியா இலை அடியில் ஆரஞ்சுப் பொடி. செம்பருத்தியில் மாவுப்பூச்சி, கூடவே எறும்பு வரிசை. வேலியில் இருக்கும் ஃபைகஸ் இலைகள் நடுநரம்போடு மடிந்து மூடிக்கொள்கின்றன.

---

இலைப்பேன் | மார்ச் 6, காலை 10.20

பிளூமேரியாவில் இருப்பது துரு நோய். விழுந்த இலைகளைப் பெருக்கி அப்புறப்படுத்துங்கள், மேலிருந்து இலை நனையும்படி ஹோஸ் அடிப்பதை நிறுத்துங்கள். இலையுதிர்த்துப் புதிதாக விடும் செடி அது, தானே தெளியும். மருந்து அடிப்பது கண்துடைப்பு.

ஃபைகஸ் இலைக்குள் இருப்பது இலைப்பேன் (என் பெயரை இதிலிருந்துதான் எடுத்தேன்). மடிந்த இலைக்குள் உட்கார்ந்திருப்பதால் மேலே அடிக்கும் மருந்து அதன் மேல் படவே படாது. நுனியைக் கத்தரித்து, கறுப்புக் கவரில் கட்டி வெயிலில் போடுங்கள். திரும்பத் திரும்ப வந்தால் அந்த வேலியையே மாற்றுங்கள். வருடம் முழுக்க மருந்து கேட்கும் செடியை எதற்கு வைத்துக்கொண்டு அழ வேண்டும்? முன்பு வேலிக்கெல்லாம் கல்யாண முருங்கை வைப்போமே, முடிச்சுக் குளவி வந்து இலையெல்லாம் வீங்கி அது போனபோது, புத்தியுள்ளவர்கள் வேறு செடிக்குப் போய்விட்டார்கள்.

செம்பருத்திக்கு முதலில் எறும்பைப் பாருங்கள். மாவுப்பூச்சி சொட்டும் இனிப்புக்காக எறும்பு அதைக் காவல் காக்கிறது, மாவுப்பூச்சியைத் தின்னும் பொறிவண்டை அண்ட விடாது. அடித்தண்டில் அகல டேப்பைச் சுற்றி அதன் மேல் கிரீஸ் தடவுங்கள். பட்டையில் நேராகத் தடவக் கூடாது. சுவரையோ பக்கத்துச் செடியையோ தொடும் கிளைகளை வெட்டிவிடுங்கள், இல்லையென்றால் எறும்பு அந்தப் பாலத்தில் வரும். அதிகம் பிடித்த நுனிகளை வெட்டி அப்புறப்படுத்தி, மீதிக்கு ஹோஸில் வேகமாகத் தண்ணீர் பீய்ச்சினாலே பெரும்பகுதி போய்விடும்.

மாவுப்பூச்சி என்றதும் கோவைக்காரர்களுக்கு ஒரு கதை நினைவில் இருக்க வேண்டும். 2008இல் பப்பாளி மாவுப்பூச்சி இந்தியாவில் முதலில் தென்பட்டது இந்த ஊரில்தான். பப்பாளி, மரவள்ளி, மல்பெரி, தெருவோரச் செம்பருத்தி வரை வெள்ளை வெளேரென்று ஆனது. என்னென்னவோ அடித்தார்கள், அடங்கவில்லை. 2010இல் போர்ட்டோ ரிக்கோவிலிருந்து அசெரோஃபேகஸ் பப்பாயே முதலான மூன்று ஒட்டுண்ணிக் குளவிகளைத் தருவித்து, வளர்த்து விட்டார்கள். சில மாதங்களில் பூச்சி அடங்கிவிட்டது. வெள்ளை ஈக்கான குளவியை யாரும் தருவிக்கவில்லை, அது தானாகவே வந்து சேர்ந்தது. நாம் செய்ய வேண்டியது அதைக் கொல்லாமல் இருப்பது மட்டும்தான்.

---

கணக்குப்பிள்ளை | மார்ச் 6, காலை 11.00

சரி, ஒத்துக்கொள்கிறேன், இந்த ஈக்கு வேண்டாம். ஆனால் எதற்குமே மருந்து கூடாது என்கிறீர்களா? நாளைக்கு மரமே சாய்கிற மாதிரி ஏதாவது வந்தால்?

---

இலைப்பேன் | மார்ச் 6, காலை 11.40

நியாயமான கேள்வி. சிவப்புக் கூன்வண்டு வந்தால் நானே மருந்துக்குப் போவேன். தண்டில் துளை, அதிலிருந்து பழுப்புச் சாறு வடிவது, மென்ற நார் வெளியே தள்ளியிருப்பது, நடுக்குருத்து வாடுவது, இவை அறிகுறி. அந்த ஒரு மரத்துக்கு, காயெல்லாம் இறக்கிவிட்டு, உரிமம் உள்ள ஆளை வைத்துச் சிகிச்சை. மீதி 37 மரத்துக்கும் சேர்த்து அடிக்க மாட்டேன்.

அது வராமல் தடுப்பது உங்கள் கையில்தான் இருக்கிறது. கூன்வண்டு காயத்தின் வாசனையைத் தேடி வரும். தீபாவளிக்கும் கிறிஸ்துமஸுக்கும் தென்னையில் ஆணியடித்து சீரியல் செட் மாட்டுகிறீர்களா? நிறுத்துங்கள். ஓலை வெட்டினால் தண்டோடு ஒட்ட வெட்டாமல் நாலடி மட்டையை விட்டு வெட்டச் சொல்லுங்கள். வண்டை வாசனையால் இழுத்துப் பிடிக்கும் இனக்கவர்ச்சிப் பொறி வைத்தால் தென்னையிலேயே கட்டக் கூடாது, வண்டை விருந்துக்கு அழைத்த மாதிரி ஆகும். எருக்குழி இருந்தால் அதில் காண்டாமிருக வண்டுப் புழு இருக்கும். குழியைக் கிளறிப் புழுவைப் பொறுக்கி எடுத்துவிட்டு, புழுவைக் கொல்லும் மெட்டாரைசியம் பூஞ்சாணத்தைக் கலந்துவிடுங்கள்.

---

பொள்ளாச்சி_தோப்பு | மார்ச் 6, மதியம் 12.30

ஓலை பற்றி ஒன்று சேர்க்கிறேனுங்க. அபார்ட்மென்ட் தென்னைகளைப் பார்த்தால் வயிறு எரிகிறது. பச்சை ஓலையெல்லாம் வெட்டி, மேலே பத்து ஓலை குடுமி மாதிரி நிற்கும். வெள்ளை ஈ பிடித்த ஓலை என்று வெட்டிப் போட்டால் அதிலிருக்கும் குளவியும் சேர்ந்துதான் குப்பைக்குப் போகும். காய்ந்த ஓலையை மட்டும் எடுங்கள்.

சோறும் போடுங்கள். மரம் ஒன்றுக்கு வருடத்துக்கு யூரியா 1.3 கிலோ, சூப்பர் பாஸ்பேட் 2 கிலோ, பொட்டாஷ் 2 கிலோ, இரண்டாகப் பிரித்து, கூடவே தொழு உரம். உங்கள் ஆட்கள் யூரியாவை மட்டும் அள்ளிப் போடுவார்கள். ஓலை கரும்பச்சையாக மினுமினுக்கும், பூச்சிக்கும் அதுதான் பிடிக்கும். பொட்டாஷை விட்டுவிடாதீர்கள்.

---

சாய்வுநாற்காலி | மார்ச் 8, இரவு 9.40

கமிட்டி முடிந்தது. இரண்டரை மணி நேரம். வெட்டும் கட்சி தோற்றது, அடிக்கும் கட்சி பாதி ஜெயித்தது என்று வைத்துக்கொள்ளலாம். அவர்கள் கேட்டபடி, ஜூன் கடைசியில் மறுபடி பார்த்துவிட்டு முடிவெடுப்பதாகச் சேர்த்திருக்கிறோம்.

புது ஒப்பந்தத்தில் எழுதியது: மாதச் சம்பளம் பார்வையிடுவதற்கு. எந்த மருந்தும் பூச்சியின் பெயர், படம் இல்லாமல் அடிக்கக் கூடாது. அடிப்பதானால் இரண்டு நாள் முன்பே லேபிளின் படத்தோடு நோட்டீஸ் போர்டில் ஒட்ட வேண்டும். சிவப்பு முக்கோணம் கிடையாது. காற்றடிக்கும்போதும் மழை வரும் அறிகுறி இருக்கும்போதும் கிடையாது, சேகரிப்புக் குழிகள் பக்கம் எப்போதுமே கிடையாது. அடிப்பவருக்குக் கையுறை, பூட்ஸ், முகக்கவசம் சங்கச் செலவில். மிச்ச மருந்தும் காலி டப்பாவும் அன்றே வெளியே போக வேண்டும். கொசுப்புகைக்குப் பதில் குப்பைக்கூடத்தில் தேங்கும் தண்ணீரை வாராவாரம் வடிப்பது. கார்களை ஜூன் வரைக்கும் தென்பக்கம் நிறுத்துவது, இதற்குத்தான் அதிக சண்டை.

---

கணக்குப்பிள்ளை | மார்ச் 8, இரவு 10.05

உரிமம் விட்டுப் போச்சே. காசு வாங்கிக்கொண்டு பூச்சிக்கொல்லி அடிக்கும் தொழிலுக்கு அரசு உரிமம் வேண்டும். நகல் வாங்கி ஃபைலில் வையுங்கள்.

---

சாய்வுநாற்காலி | மார்ச் 8, இரவு 10.15

சேர்த்துவிடுகிறேன். நீங்களா இது!

இன்னும் இரண்டு கேள்வி. மேற்குப் பக்கம் குளவியே இல்லை என்றேனே, அங்கே என்ன செய்வது? உயரமான மரங்களுக்கு எஸ்டிபி தண்ணீரை பவர் ஸ்பிரேயரில் பீய்ச்சலாமா என்று ஒருவர் கேட்டார். தண்ணீர் பஞ்சம், சிறுவாணித் தண்ணீரை இதற்குச் செலவழிக்க மனசு வரவில்லை.

---

இலைப்பேன் | மார்ச் 9, காலை 6.50

எஸ்டிபி தண்ணீர் வேருக்கு விடலாம், பனியாக மேலே அடிக்க வேண்டாம். பால்கனிகளுக்குள் போகும், மக்கள் மூச்சில் போகும். கிணற்றுத் தண்ணீர் இருந்தால் குட்டை மரங்களுக்கு மட்டும் ஓலையின் அடிப்பக்கம் படும்படி பீய்ச்சுங்கள். உயர மரங்களை விட்டுவிடலாம்.

மேற்குப் பக்கத்துக்கு: மஞ்சள் பாலிதீன் தாளில் விளக்கெண்ணெய் தடவி தண்டைச் சுற்றி ஆளுயரத்தில் கட்டுங்கள், வளர்ந்த ஈக்கள் ஒட்டும். தூசி படிந்ததும் துடைத்து மறுபடி தடவ வேண்டும். நல்ல பூச்சிகள் அதிகமாக ஒட்டுவது தெரிந்தால் கழற்றிவிடுங்கள். மர இடைவெளியில் வாழையும் கல்வாழையும் வையுங்கள். வெள்ளை ஈ அதிலும் வரும், குளவி அங்கே தங்கிப் பெருகும்.

குளவியைக் கிழக்கிலிருந்து மேற்குக்கு நீங்களே கொண்டுபோகலாம். கறுத்த கூடுகள் நிறைய இருக்கும் கீற்றுகளை, காலையில், துண்டு துண்டாக வெட்டி எடுத்துப் போய் மேற்குப் பக்க ஓலைகளில் ஸ்டேப்ளர் அடித்துவிடுங்கள். புகை நின்ற பிறகு செய்யுங்கள்.

---

சாய்வுநாற்காலி | மார்ச் 9, காலை 7.20

கீற்றை எந்தப் பக்கம் பார்த்து அடிப்பது?

---

பொள்ளாச்சி_தோப்பு | மார்ச் 9, காலை 7.35

ஓலையின் அடியில், கூடு இருக்கிற பக்கம் வெளியே தெரிகிற மாதிரிங்க. ஒட்ட வைத்து மூடிவிட்டால் குளவி வெளியே வர வழியில்லை. எறும்பு ஏறாத ஓலையாகப் பாருங்கள். உங்களிடம் போதவில்லை என்றால் சொல்லுங்கள், இந்த வாரம் கோவை வருகிறேன், ஒரு சாக்கு கொண்டு வருகிறேன்.